திறமூலம் என்னும் சொல்லும் அதன் பொருட்காவலும்



கணினித் துறையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வழக்கு நடந்துவருகிறது. ஒரு நிறுவனம் தன் மென்பொருளின் மூலநிரலை வெளியிட்டு, ‘இது திறமூலம்’ என்று அறிவிக்கிறது. நிரலாளருள் ஒரு சாரார், ‘நிரலைக் காட்டியிருக்கிறீர்கள், திறக்கவில்லை’ என்று மறுக்கின்றனர். நிறுவனம் மாறுகிறது, மென்பொருள் மாறுகிறது, வழக்கு மட்டும் மாறுவதில்லை.

இதில் மொழியியலாருக்கு என்ன வேலை என்று அவையோர் வினவலாம். நிரல் வெளியிடப்பட்டதா என்பதில் இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வெளியிட்ட செயலை எந்தச் சொல்லால் குறிப்பது, அச்சொல்லின் பொருளை யார் உறுதிசெய்வது என்பதிலேதான் வேறுபாடு. எனவே இது நம் துறைக்கும் உரிய வழக்கு. கலைச்சொற்களை வகுப்பறைக்குக் கொண்டு செல்லும் ஆசிரியர்களுக்கு இன்னும் நெருக்கமாக உரிய வழக்கு.

சொல் பிறந்த வரலாறு

முதலில் ‘மூலம்’ என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘மூலமும் உரையும்’ என்ற தொடரை நம் பழைய பதிப்புகளின் முகப்பில் பலமுறை கண்டிருக்கிறோம். ஆசிரியர் இயற்றிய பாடம் மூலம். கணினியிலும் அவ்வாறே. நிரலாளர் படிக்கவும் திருத்தவும் ஏற்ற வடிவில் எழுதிய கட்டளைத் தொகுதியே மூலநிரல். நாம் விலைக்கு வாங்கும் மென்பொருள் பெரும்பாலும் எந்திரம் மட்டுமே படிக்கத்தக்க வடிவில் நம்மிடம் வருகிறது. அது இயங்கும், ஆனால் அதைத் திறந்து திருத்த நம்மால் இயலாது.

இந்நிலையை எதிர்த்து 1983ஆம் ஆண்டில் அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985இல் ஃபிரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை நிறுவினார். பயனர் எவரும் மென்பொருளை எந்நோக்கத்துக்கும் இயக்கலாம், ஆராய்ந்து மாற்றலாம், படியெடுத்துப் பிறருக்குத் தரலாம், தாம் மாற்றியதையும் தரலாம். இந்நான்கும் அவ்வியக்கம் வகுத்த உரிமைகள். ஆயினும் அவர் தெரிந்தெடுத்த ஆங்கிலச் சொல் ஓர் இடர்ப்பாட்டைத் தந்தது. ‘ஃபிரீ’ என்பது விடுதலையையும் குறிக்கும், விலையின்மையையும் குறிக்கும். தமிழில் இக்குழப்பம் இல்லை. ‘கட்டற்ற மென்பொருள்’ என்று நாம் கூறும்போது எவரும் அதை ‘இலவச மென்பொருள்’ என்று கொள்வதில்லை.

ஆங்கிலத்தின் இந்த இருபொருட்டன்மையே புதிய சொல்லுக்கு வழி வகுத்தது. 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் இணைய உலாவியின் மூலநிரலை வெளியிடப்போவதாக அறிவித்தது. வணிக உலகுக்கு இம்முறையை எடுத்துரைக்க ஏற்ற சொல்லைத் தேடி, பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சிலர் கூடினர். அக்கூட்டத்தில் கிறிஸ்டின் பீட்டர்சன் முன்வைத்த சொல்லே ‘ஓப்பன் சோர்ஸ்’. அதே மாதத்தில் எரிக் ரேமண்டும் புரூஸ் பெரன்ஸும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பைத் தொடங்கினர். டெபியன் குழுவினருக்காகப் பெரன்ஸ் முன்னரே வரைந்திருந்த நெறிகளை அடியொற்றிச் சொல்லுக்கு ஒரு வரையறையும் எழுதப்பட்டது.

ஆக, இச்சொல் பிறந்ததற்கே காரணம் ஒரு நிறுவனத்தின் நிரல் வெளியீடு. முதல் வழக்கும் அங்கேயே எழுந்தது. நெட்ஸ்கேப் வரைந்த உரிமம் அந்நிறுவனத்துக்கு மட்டும் சில தனிச்சலுகைகளை ஒதுக்கியிருந்தது. வரைவைப் பொதுவில் வைத்தபோது நிரலாளர்கள் எதிர்த்தனர். அதன் விளைவாக அச்சலுகைகள் இல்லாத மற்றோர் உரிமமும் எழுதப்பட்டது. அதுவே மொசில்லா பொது உரிமம்.

வரையறை கூறுவது என்ன

இன்று அந்த வரையறையில் பத்து நெறிகள் உள்ளன. அவற்றுள் நம் வழக்குக்கு இன்றியமையாதவை நான்கு. முதலாவது, மூலநிரல் திருத்துவதற்கு ஏற்ற வடிவில் கிடைக்க வேண்டும். வேண்டுமென்றே புரியாதவாறு சிதைத்து எழுதியது மூலநிரல் ஆகாது. இரண்டாவது, அதை மாற்றவும் மாற்றியதை அதே உரிமத்தின்கீழ் வழங்கவும் இசைவு வேண்டும். மூன்றாவது, எந்த மனிதரையும் குழுவையும் விலக்குதல் கூடாது. நான்காவது, எந்தத் துறையிலும் பயன்படுத்துவதைத் தடுத்தல் கூடாது. ‘வணிகத்துக்குப் பயன்படுத்தாதே’ என்றோ ‘மரபணு ஆய்வுக்குப் பயன்படுத்தாதே’ என்றோ உரிமம் கூறுமாயின் அது திறமூல உரிமம் அன்று.

இவற்றை நோக்கினால் ஒன்று விளங்கும். வரையறையின் உயிர்நிலை, பார்த்தல் அன்று, ஆக்கல். தமிழ் இலக்கண மரபில் இதற்கு ஒத்த கருத்து ஒன்று உண்டு. நூல்களை முதனூல், வழிநூல் எனத் தொல்காப்பியம் பகுக்கிறது. முதனூலைச் சுருக்குவது, விரிப்பது, சுருக்கமும் விரிவுமாக அமைப்பது, வேற்றுமொழியிலிருந்து பெயர்த்து ஆக்குவது என வழிநூலை நான்காக வகுக்கிறது. பின்னர் வந்த நன்னூல் சார்புநூலையும் சேர்த்து மூன்று வகை கூறுகிறது. முதனூலை ஒருவர் படித்துவிட்டார் என்பதால் மட்டும் வழிநூல் தோன்றிவிடாது. அதை எடுத்து ஆளவும் வேண்டிய இடத்தில் வேறுபடவும் அவருக்கு இடம் இருக்க வேண்டும். திறமூலம் என்பது வழிநூல் செய்யும் உரிமையை எவருக்கும் மறுக்காத மூலம். இவ்வாறு கூறினால் தமிழ் மாணவருக்கு வரையறை எளிதில் பிடிபடும்.

அவ்வுரிமையின் பயனுக்கு நெட்ஸ்கேப்பே சான்று. 2003ஆம் ஆண்டில் அவ்வுலாவிப் பணியை உரிமையாளராகிய ஏஓஎல் நிறுவனம் கைவிட்டது. நிரல் சாகவில்லை. அதே ஆண்டில் மொசில்லா அறக்கட்டளை அமைந்தது. 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் உலாவியின் முதற் பதிப்பு வெளிவந்தது. அவ்வுலாவிக்குத் தமிழ் இடைமுகத்தை ஆக்கியவர்கள் தன்னார்வலர்கள். மொழிபெயர்க்க அவர்கள் எவரிடமும் விண்ணப்பித்து நிற்க வேண்டியிருக்கவில்லை. சந்தையில் சிறியவை என்று கருதப்படும் மொழிகளுக்கு இவ்வுரிமை எத்தகையது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இரு நிறுவனங்கள், இரு படிப்பினைகள்

1999 மார்ச்சில் ஆப்பிள் நிறுவனம் தன் இயக்கமுறைமையின் அடித்தளமான டார்வினின் நிரலை வெளியிட்டது. அதன் உரிமத்தை ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் உடனே ஏற்றுக்கொண்டது. அவ்வமைப்பின் நிறுவனருள் ஒருவரான பெரன்ஸ் உள்ளிட்டோர் அதைக் கடிந்தனர். நிரலை மாற்றிப் பயன்படுத்துவோர் ஆப்பிளுக்கு அறிவிக்க வேண்டும் என்றது உரிமம். எவரேனும் காப்புரிமை மீறல் என்று குற்றஞ்சாட்டினால் நிறுவனம் உரிமத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் கூறியது. எந்நேரமும் பறிக்கத்தக்க உரிமை உரிமைதானா என்பது எதிர்ப்பாளர் எழுப்பிய வினா. ஆப்பிள் தன் உரிமத்தைப் படிப்படியாகத் திருத்தியது. 2003இல் வந்த இரண்டாம் பதிப்பைக் கண்டிப்பு மிக்க ஃபிரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனும் கட்டற்ற உரிமம் என ஒப்புக்கொண்டது. சொல்லைப் பற்றிய சச்சரவு வீண்வாதம் என்போர்க்கு இது விடை. சச்சரவு உரிமத்தை நல்லதாக்கியது.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் வழி வேறு. 2001இல் அது தன் நிரல்களைச் சில வாடிக்கையாளர்க்கும் கல்வி நிலையங்களுக்கும் காட்டும் திட்டத்தைத் தொடங்கியபோது அதற்கு ‘பகிர்ந்த மூலம்’ என்று பொருள்படும் வேறு பெயரைச் சூட்டியது. அத்திட்டத்தில் படிக்க மட்டும் இசைவு தரும் உரிமங்களும் இருந்தன. திட்டத்தைப் பலர் குறைகூறினர். எனினும் பெயரளவில் அது நேர்மையானது. பின்னர், அந்நிறுவனத்தின் இரண்டு உரிமங்கள் வரையறைக்குப் பொருந்தியிருந்ததால் 2007 அக்டோபரில் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அவற்றை ஏற்றது. இயக்கத்தாரிடையே அந்நிறுவனத்தின்மீது அன்று இருந்த கசப்பு அதற்குத் தடையாகவில்லை. வரையறை நிறுவனத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை. உரிமத்தின் சொற்களையே பார்க்கிறது. வணிக நிறுவனம் வெளியிட்டது என்பதால் ஒரு நிரல் திறமூலம் ஆகாது என்பதும் பிழை. நிரல் வெளிவந்துவிட்டது என்பதால் திறமூலம் ஆகிவிடும் என்பதும் பிழை.

ஒரு வினைத்தொகையும் மூன்று காலங்களும்

தமிழில் இச்சொல்லுக்கு இரண்டு வடிவங்கள் வழங்குகின்றன: ‘திறந்த மூலம்’, ‘திறமூலம்’. இரண்டும் ஒன்றே என்று கருதுகிறோம். இலக்கணம் நோக்கினால் சிறிது வேறுபாடு உண்டு. ‘திறந்த’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். ஒருகால் திறந்தது என்பதோடு அதன் பொருள் நின்றுவிடும். ‘திறமூலம்’ என்பதை வினைத்தொகையாகக் கொள்ளலாம். ‘ஊறுகாய்’ என்பது ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என விரிவதுபோல, இதுவும் திறந்த, திறக்கின்ற, திறக்கும் மூலம் என முக்காலத்துக்கும் விரியும்.

அண்மைக் காலத்து வழக்குகள் பல இந்தக் காலவேறுபாட்டைப் பற்றியவையே. ஹாஷிகார்ப் நிறுவனத்தின் டெராஃபார்ம் என்னும் மென்பொருள் பல ஆண்டுகள் மொசில்லா பொது உரிமத்தில் வெளிவந்தது. 2023 ஆகஸ்டில், இனி வரும் பதிப்புகள் வேறோர் உரிமத்தில் வரும் என்று நிறுவனம் அறிவித்தது. புதிய உரிமத்திலும் நிரலைப் பார்க்கலாம், மாற்றலாம். ஆனால் நிறுவனத்தோடு போட்டியிடும் சேவைக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு பதிப்பும் நான்கு ஆண்டுகள் கழிந்தபின் பழைய உரிமத்துக்கு வந்துசேரும்.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. தாம் ஊதியம் கொடுத்து எழுதுவித்த நிரலைப் பிறர் எடுத்துச் சேவையாக விற்றுப் பொருளீட்டுகின்றனர், ஆக்கப்பணியில் பங்கு கொள்வதில்லை என்பது இத்தகைய நிறுவனங்களின் குறை. அக்குறையைத் தீர்க்க உரிமத்தை மாற்றுவது அவர்தம் உரிமை. புதிய உரிமத்தைத் திறமூலம் என்று ஹாஷிகார்ப் அழைக்கவும் இல்லை. ஆனால் பழைய பதிப்புகளின்மீது பிறர் பெற்றிருந்த உரிமையை மட்டும் அதனால் பறிக்க இயலவில்லை. பழைய நிரலை எடுத்துக்கொண்டு பயனர்கள் வழிநூல் ஒன்றைத் தொடங்கினர். ஓப்பன்டோஃபு என்னும் பெயரில் அது செப்டம்பர் மாதத்திலேயே லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் வந்தது. திறந்த கதவை மூட இயலாது என்பதே வரையறையின் பயன். அன்று பயனர் கையில் இருந்தது வெறுமனே பார்ப்பதற்கான இசைவாக இருந்திருந்தால் அவர்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

சொல்லுக்கு விலை ஏறியபோது

2023 ஜூலையில் மெட்டா நிறுவனம் லாமா 2 என்ற செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியை வெளியிட்டு, அதைத் திறமூலம் என்று அழைத்தது. உரிமத்தைப் படித்தவர்கள் அதில் விலக்குகளைக் கண்டனர். மாதம் 70 கோடிப் பயனருக்கு மேல் உடைய நிறுவனங்கள் தனி இசைவு பெற வேண்டும். மாதிரி தரும் விடைகளைக் கொண்டு வேறு மொழி மாதிரிகளை மேம்படுத்தக் கூடாது. இன்னின்னவற்றுக்குப் பயன்படுத்தலாகாது என்ற பட்டியலும் உண்டு. இவற்றுள் சில நன்னோக்கம் உடையவையாக இருக்கலாம். ஆயினும் மனிதரையும் துறையையும் விலக்கலாகாது என்ற நெறிகளோடு அவை பொருந்தவில்லை. ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் வெளிப்படையாகவே மறுத்துரைத்தது.

நிறுவனங்கள் இச்சொல்லை ஏன் விரும்புகின்றன? அதில் நன்மதிப்பு இருக்கிறது. இப்பொழுது சட்டப்பயனும் இருக்கிறது. 2024இல் நிறைவேறிய ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், கட்டற்ற, திறமூல உரிமத்தில் வெளியாகும் மாதிரிகளுக்குச் சில கடமைகளிலிருந்து விலக்களிக்கிறது. ஆகவே சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்பது இனி நிரலாளரின் உட்பூசல் அன்று.

காவலரும் குறையற்றவர் அல்லர் என்பதையும் கூறியாக வேண்டும். 2024 அக்டோபரில் அவ்வமைப்பு திறமூலச் செயற்கை நுண்ணறிவுக்கென ஒரு வரையறையை வெளியிட்டது. பயிற்சிக்குப் பயன்பட்ட தரவைப் பற்றி விரிவான தகவல் வேண்டும் என்று அது கேட்கிறது. தரவு முழுவதையும் தர வேண்டும் என்று கேட்கவில்லை. தரவே மூலம், அதைத் தராமல் திறமூலம் என்பது எப்படி என்று இயக்கத்தாருள்ளேயே பலர் வினவுகின்றனர். வினவத்தான் வேண்டும். வரையறை எழுதுவோரையும் கேள்வி கேட்பது சொற்காவலின் ஒரு பகுதியே.

வழக்காறும் வரையறையும்

இங்கே மொழியியலாரை நோக்கி ஒரு தடை எழுப்பலாம். ‘சொல்லின் பொருளை வழக்காறே உறுதிசெய்கிறது என்று கற்பிப்பவர்கள் நீங்கள்தாமே? பெரும்பாலோர் நிரல் வெளியீடு அனைத்தையும் திறமூலம் என்று அழைத்தால் அதுவே பொருளாகிவிடாதா?’

நேரிய தடை. பொதுச்சொற்களில் அவ்வாறே நிகழ்கிறது. ‘நாற்றம்’ பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. இன்று தீய மணத்தையே குறிக்கிறது. எவரும் ஆணையிட்டு அதை மாற்றவில்லை. மாறியதால் எவர்க்கும் இழப்பும் இல்லை. கலைச்சொல்லின் இயல்பு வேறு. அது பேசுவோரும் கேட்போரும் முன்கூட்டியே செய்துகொண்ட உடன்பாடு. சிராங்கூன் சாலையிலோ பிரிக்பீல்ட்ஸிலோ நகை வாங்குகிறோம். ‘916’ என்ற முத்திரையைப் பார்க்கிறோம். ஆயிரத்துக்கு 916 பங்கு பொன் என்பது அதன் பொருள். எவரும் நகையை உருக்கிப் பார்த்து வாங்குவதில்லை. மாற்றுக் குறைந்த பொன்னில் அம்முத்திரையைக் குத்திவிட்டு, ‘எண்ணின் பொருள் வழக்கில் மாறிவிட்டது’ என்று ஒரு வணிகர் கூறினால் நாம் ஏற்போமா?

நகை முத்திரையை ஆய்ந்து பார்க்க வழிகள் உண்டு. ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற சொல்லுக்கு அத்தகைய காப்பு அமையவில்லை. அதை வணிகக் குறியாகப் பதிவுசெய்ய 1999 அளவில் மேற்கொண்ட முயற்சி கைகூடவில்லை. பொருளை வெறுமனே விளக்கும் சொல் குறியாகாது என்பது காரணம். மேலும், அவ்விரு ஆங்கிலச் சொற்களும் தம்மியல்பில் ‘பார்க்கக் கிடைக்கும் மூலம்’ என்ற பொருளையே முதலில் தருகின்றன. ஸ்டால்மனே இக்குறையைச் சுட்டியிருக்கிறார். சட்டக்காப்பும் இல்லை, சொற்பொருளும் தானாகக் காவாது என்றால், எஞ்சியிருப்பது சொல்லைக் கையாள்வோரின் கவனம் ஒன்றே.

நாம் செய்யக்கூடியது

ஒரு சொல்லை நெகிழாமல் காக்க வேண்டுமாயின் அதன் அருகில் இன்னொரு சொல் வேண்டும். பெயரில்லாத பொருள் அண்டை வீட்டுப் பெயரைத்தான் எடுத்துக்கொள்ளும். நிரலைக் காட்டி, பயன்பாட்டுக்கு வேலியிடும் வெளியீடுகளுக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை. ஆகவே அவற்றையும் திறமூலம் என்றே எழுதிவிடுகிறோம். அவற்றைக் ‘காண்மூலம்’ என்று அழைக்கலாம் என்பது நம் பரிந்துரை. காணலாம் என்ற அளவில் அது உண்மை கூறுகிறது. அதற்குமேல் எதையும் வாக்களிக்கவில்லை. காட்டாதது மூடுமூலம், காட்டுவது காண்மூலம், வழிநூலுக்கு எவர்க்கும் இடந்தருவது திறமூலம். காண்மூலம் என்பது இழிசொல் அன்று. மூடுமூலத்தினும் அது மேலானது. படித்துக் கற்போர்க்குப் பயன் தருவது. ஆனால் அது திறமூலம் அன்று.

மாணவர்கள் ஒரு நிரலையோ செயற்கை நுண்ணறிவு மாதிரியையோ தம் ஒப்படைப்புக்கு எடுத்துக்கொள்ளும்போது அறிவிப்பைப் படிப்பதோடு நில்லாமல் உரிமத்தைப் படிக்கட்டும். படித்து மூன்று வினாக்களைக் கேட்கட்டும். இதை மாற்றி, மாற்றியதைப் பிறர்க்குத் தர எனக்கு இசைவு உண்டா? யாரேனும், எந்தப் பயனேனும் விலக்கப்பட்டிருக்கிறதா? இன்று தந்த உரிமையை நாளை இந்நிறுவனம் திரும்பப் பெற இயலுமா? முதல் வினாவுக்கு ‘ஆம்’ என்றும் மற்ற இரண்டுக்கும் ‘இல்லை’ என்றும் விடை வந்தால் திறமூலம் என்று எழுதலாம். வராவிட்டால், வெளியிட்ட நிறுவனம் எத்துணைப் பெரியதாயினும், காண்மூலம் என்று எழுதுவதே முறை.

தமிழில் சொற்பிழை திருத்தியும் எழுத்துருவும் பேச்சுணரியும் இனி யாருடைய நிரலின்மேல் எழப்போகின்றன என்பது இம்மூன்று விடைகளைப் பொறுத்தது. காண்மூலத்தின்மேல் எழுந்தால், உரிமையாளர் மனம் மாறும் நாளில் நம் உழைப்பு நின்றுவிடக்கூடும். திறமூலத்தின்மேல் எழுந்தால், நிறுவனம் விலகினாலும் பயர்பாக்ஸைப்போல அது தொடரும். ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை உயர்நிலை வகுப்பிலேயே கற்பித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வினைத்தொகையையும் வழிநூலையும் கற்பிக்கும் பாடவேளையிலேயே அதற்கு இடம் உண்டு.